கிளினிக் குளிசை மிச்சம் கிடக்கிறது: மறதியா, பிடிவாதமா, மனச்சோர்வா?

3 பெப்ரவரி 2024, உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டது

அம்மாவுக்கு 71 வயது. பிரஷர் கிளினிக் கொப்பியில் போன மூன்று முறையும் 170க்கு மேலேதான் எழுதியிருக்கிறது. ஏற்கெனவே மூன்று வகைக் குளிசை, இந்த முறை நாலாவதும் சேர்த்துவிட்டார்கள். நேற்று மெத்தையைத் தட்டப் போனால் தலைமாட்டில் இரண்டு மாதக் குளிசை உறையோடு அப்படியே இருக்கிறது. கேட்டால் "மறந்துபோச்சு பிள்ளை" என்கிறார். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மறப்பதில்லை, சீட்டுக் காசு மறப்பதில்லை, இது மட்டும் எப்படி மறக்கும்? இது சுத்தப் பிடிவாதம். நாளையிலிருந்து நானே பக்கத்தில் நின்று நாலையும் விழுங்கவைக்கப் போகிறேன். சரிதானே?

3 பெப்ரவரி, இரவு

தங்கச்சி, நாளைக்கே நாலையும் கொடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் வாசியுங்கள்.

அம்மா மூன்றையும் எடுக்கிறார், எடுத்தும் 170 நிற்கிறது என்று நம்பித்தான் டொக்டர் நாலாவதை எழுதியிருக்கிறார். உண்மையில் அம்மாவின் உடம்புக்குள் ஒன்றும் போகவில்லை. அந்த உடம்புக்கு ஒரே நாளில் நாலையும் முழு அளவில் கொடுத்தால் பிரஷர் சடாரென்று இறங்கும். விடியப்புறம் எழும்பிக் கக்கூசுக்குப் போகிற வழியில் தலைசுற்றி விழுவார். 71 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அதுவே வேறு ஒரு வருத்தமாகிவிடும்.

மிச்சக் குளிசை எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டு, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதிலிருந்து, எவ்வளவில் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். அதற்கிடையில் பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, நெஞ்சு நொந்தாலோ 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

4 பெப்ரவரி

இப்போது அந்தப் பிடிவாதம் என்ற பேச்சுக்கு வருகிறேன்.

நான் திருகோணமலை டவுனில் ஒரு பார்மசியில் கனகாலம் மருந்து கொடுத்தவள். "ஐயா குளிசை எடுக்கிறாரில்லை, சரியான குணம்" என்று சொல்லிக்கொண்டு வராத மகளோ மருமகளோ குறைவு. வீட்டில் எங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். திருக்கடலூரில் கரைவலைத் தொழில் செய்தவர். முழங்கால் போனபிறகு கடற்கரைக்கும் போவதை விட்டுவிட்டார். காலையில் நான் கொடுக்கும் குளிசையை வாங்கி, தண்ணீரும் குடிப்பார். பிறகு ஒருநாள் அவருடைய சேட்டைத் தோய்த்துக் காயப்போடும்போது பார்த்தேன், பொக்கற்றின் அடித்தையலில் வெள்ளையாக ஏதோ களி மாதிரிப் பிடித்து, வெயிலில் காய்ந்து கட்டியாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் மா மாதிரி உதிர்ந்தது. அம்லோடிபின், லொசாட்டன் என்ற பிரஷர் குளிசைகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து அந்தப் பொக்கற்றுக்குள் கிடந்தன.

அவருக்கு மறதி இல்லை. என்னோடு கோபமும் இல்லை. இருந்து என்ன, இல்லாமல் என்ன என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார். அந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் "குளிசை எடுக்காவிட்டால் ஸ்ட்ரோக் வரும்" என்று பயம் காட்டினால் அது காதில் ஏறாது.

உங்கள் அம்மாவுக்கும் இதேதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் பிடிவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

9 பெப்ரவரி

என்ன கேட்பது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள்.

டொக்டர்மார் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. கடந்த இரண்டு கிழமையில், வழக்கமாகப் பிடித்த காரியங்களில் விருப்பம் இல்லாமல் போனதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருந்ததா? இதில் ஒன்றுக்கு ஓம் என்றாலும் மேற்கொண்டு விசாரிப்பார்கள். முதியவர்களுக்கென்றே 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கேள்விப் பட்டியலும் வந்தது. முதலில் 30 கேள்வி, பிறகு 15 ஆகச் சுருக்கினார்கள். ஓம், இல்லை என்று சொன்னால் போதும். அதில் உடம்பு நோவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. வயது போனால் நித்திரைக் குறைவும் மூட்டு நோவும் எல்லாருக்கும் வருவதுதானே, அதை வைத்து மனச்சோர்வு என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள்.

ஆனால் எங்கள் ஆட்கள் உடம்பில் வைத்துத்தான் பேசுவார்கள், அதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "மனம் சரியில்லை" என்று எங்கள் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் பாரம், வாய்க்கு ஒன்றும் ருசியில்லை, விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை, கால் இழுக்கிறது. இவைதான் அவர் சொன்னவை. பார்மசிக்கு வந்து ஒவ்வொரு மாதமும் சத்துக் குளிசையும் வாய்வுக்கு மருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டு, பிரஷர் குளிசையை மட்டும் வீட்டில் தொடாமல் வைத்திருந்த அம்மாக்களையும் எனக்குத் தெரியும்.

மகள் பக்கத்தில் நிற்க இந்தக் கேள்விகளுக்கு உண்மை வராது. அம்மாவை டொக்டரோடு கொஞ்ச நேரம் தனிய இருக்க விடுங்கள்.

10 பெப்ரவரி

"மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு படுத்திருப்பார்கள், எங்கள் ஐயா சிரித்துக் கதைக்கிறார், கோயிலுக்கும் போகிறார்" என்று எழுதியவருக்கு: வயது போனவர்கள் எல்லாரும் அழமாட்டார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள், அல்லது ஒன்றுக்கும் கருத்துச் சொல்லமாட்டார்கள். "எது சமைக்க?" என்றால் "ஏதாவது" என்பார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிறாரா என்பதைவிட, போய் வந்த பிறகு அங்கே யாரைக் கண்டார், என்ன கதைத்தார் என்று சொல்கிறாரா என்று பாருங்கள்.

18 பெப்ரவரி

ஆராய்ச்சி ஏதும் இருக்கிறதா, சும்மா அனுபவக் கதைதானா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

நீண்டகால வருத்தங்களுக்கு மருந்து ஒழுங்காக எடுப்பவர்கள் வசதியான நாடுகளிலேயே ஏறக்குறைய 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. பிரஷரில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் அது நோகாது. குளிசையை விட்ட அன்றும் எடுத்த அன்றும் உடம்புக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மனச்சோர்வையும் இதையும் சேர்த்துப் பார்த்த பழைய ஆய்வுகளை 2000ஆம் ஆண்டில் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னதைக் கைவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. அதே ஆய்வில் பதற்றத்துக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பயப்படுகிறவர் குளிசையைத் தேடி எடுப்பார். எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்தான் விட்டுவிடுவார். பிறகு அமெரிக்காவின் லூசியானாவில் 65 வயதுக்கு மேற்பட்ட பிரஷர்காரர்களை வைத்து நடந்த பெரிய ஆய்விலும் மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்கள் குளிசையைத் தவறவிடுவது கூடுதலாகத்தான் இருந்தது.

எது முந்தி வந்தது, மனச்சோர்வா குளிசையை விட்டதா, என்று இப்படியான ஆய்வுகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் 2008இல் வந்த ஒரு சிறிய ஆய்வைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 50 முதல் 80 வயது வரை 64 பேர். எல்லாருக்கும் பிரஷரும் மனச்சோர்வும் இருந்தன. ஒரு பகுதியினருக்கு இரண்டு வருத்தத்தையும் ஒன்றாக வைத்துக் கதைக்க ஒரு ஆள், மற்றவர்களுக்கு வழக்கமான வைத்தியம். குளிசைப் போத்தலின் மூடியிலேயே எப்போது திறந்தார்கள் என்று பதியும் ஒரு சிறு கருவி இருந்தது. ஆறு கிழமை முடிவில், இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு மனமும் தெளிந்திருந்தது, பிரஷரும் குறைந்திருந்தது, குளிசையும் ஒழுங்காகப் போயிருந்தது. 64 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பிரஷருக்கு ஒரு கொப்பி, மனதுக்கு இன்னொரு கொப்பி என்று ஒரே ஆளைப் பிரித்து வைக்கிற எங்கள் வழக்கத்தை யோசிக்க வைக்கிறது.

2 மார்ச்

"பிரஷர் குளிசையே மனச்சோர்வைத் தரும், அதனால்தான் நான் அத்தெனொலொலை நிறுத்தினேன்" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களில் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்து பிரஷருக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. எடுத்தவர்களில் சிலர் மனம் சோர்ந்துபோனதாகச் செய்திகள் வந்தன. அந்தப் பயம் பிறகு வந்த, உங்கள் அத்தெனொலொலும் சேர்ந்த பீற்றா புளொக்கர் வகையோடும் ஒட்டிக்கொண்டது. ஆனால் 35,000க்கும் கூடுதலான நோயாளிகளை உள்ளடக்கிய 15 பரிசோதனைகளை 2002இல் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வகை மனச்சோர்வை அவ்வளவாகக் கூட்டவில்லை என்று கண்டார்கள். களைப்பும் பாலுறவுச் சிக்கலும் கொஞ்சம் கூடின. களைப்பும் லேசான விஷயம் இல்லை. அதை டொக்டரிடம் சொன்னால் வேறு குளிசைக்கு மாற்றித் தருவார்.

ஆனால் அத்தெனொலொலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து. நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

14 மார்ச்

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர்: நோன்பு தொடங்கிவிட்டது, வாப்பா எல்லாக் குளிசையையும் நிறுத்திவிட்டார், மனச்சோர்வா இது?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். நோன்பில் ஆசையோடு இருக்கிற மனிதர் அவர். ஒரு வேளைக் குளிசையை விடியமுன் சாப்பிடும் ஸஹருக்கோ நோன்பு திறக்கும் நேரத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம். அம்லோடிபின் மாதிரி ஒரு நாளைக்கு ஒருமுறை எடுப்பவற்றில் இது பெரும்பாலும் சிக்கல் இல்லை. தண்ணீர் வெளியேற்றும் குளிசை இருந்தால்தான் கவனம் வேண்டும். இந்த வெயிலில், பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல், அதுவும் சேர்ந்தால் உடம்பு வற்றும். அதற்கு டொக்டரைக் கேட்டே ஆகவேண்டும். நோன்புக்கு முன்பே கேட்டிருந்தால் இன்னும் நல்லது, இப்போது கேட்டாலும் பிந்தவில்லை. எங்கள் பக்கத்தில் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

16 மார்ச்

கிண்ணியா வாப்பாவின் கதைக்குப் பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்கள் மிச்சக் குளிசையைக் கண்டவுடன் மனச்சோர்வு என்று பெயர் வைத்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. வேறு காரணங்களும் இருக்கின்றன, அவற்றை முதலில் தள்ளிப் பார்க்க வேண்டும்.

அடிக்கடி சலம் போகவைக்கும் தண்ணீர்க் குளிசையை விழுங்கிவிட்டு மூதூரிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வரமுடியாது. அதனால் கிளினிக் நாளில்தான் பலர் குளிசையை விடுகிறார்கள், அன்றைக்குத்தான் பிரஷரும் அளக்கப்படுகிறது. எனலாபிரில் என்ற பிரஷர் குளிசையால் வறட்டு இருமல் வரும், அம்லோடிபினால் கால் வீங்கும். கால் வீங்கினால் "கிட்னி பழுதாகிவிட்டது, குளிசைதான் காரணம்" என்று பயந்து விட்டுவிடுவார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கப் பழகியவர்கள், மருந்து திரும்ப வந்தபிறகும் அப்படியே தொடர்கிறார்கள்.

அப்புறம் அந்தக் காகித உறை. கிளினிக்கில் தருகிற குளிசைகளில் பல உதிரியாகத்தான் வரும். வெள்ளை, சின்னது, வட்டம். இரண்டு உறையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி, கண்ணில் வெள்ளை படர்ந்த ஒருவரிடம் எது எது என்று கேட்டுப் பாருங்கள். உறையில் பேனையால் எழுதியதும் வேர்வையில் அழிந்துபோயிருக்கும். பல வீடுகளில் எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்டி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிக்கலுக்குத் தேவை பெரிய எழுத்தில் காலை, இரவு என்று எழுதிய இரண்டு டப்பா. மனநல டொக்டரிடம் ஓட வேண்டியதில்லை.

இவையெல்லாம் சரிப்படுத்தியும் குளிசை மிச்சம் கிடந்தால், அப்போது அந்த மனச்சோர்வுக் கேள்விகளைக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். சம்பூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்து திரும்பிய ஒரு அம்மா பார்மசிக்கு வருவார். அவருக்குப் பஸ் காசும் இல்லை, வாழ்கிற விருப்பமும் குறைவு. ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதை விட்டால் அவருக்குப் பாதி உதவிதான்.

30 மார்ச்

உப்புவெளித் தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறார். டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு நாலை இரண்டாகக் குறைத்துத் தொடங்கியிருக்கிறார். தனியாக இருந்தபோது அம்மா அவரிடம், "இவர் போனபிறகு நான் யாருக்கு இதை விழுங்க?" என்று சொல்லியிருக்கிறார். மகளுக்கு இது புதுச் செய்தி. உளநலப் பிரிவு டொக்டரைப் பார்க்கச் சொல்லி, சேர்ட்ரலின் என்ற மனச்சோர்வுக் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். தங்கச்சி, நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

எப்போது வேலை செய்யும்: உடனே இல்லை. வயது போனவர்களுக்கு நாலு, ஆறு கிழமை, சிலருக்கு அதற்கும் மேலே. முதல் இரண்டு கிழமையில் பிரட்டலும் வயிற்றுக் குழப்பமும் வரலாம். "இதுவும் சரிவராது" என்று அம்மா விடப் பார்ப்பது அந்தக் காலத்தில்தான்.

பிரஷர் குளிசையோடு சேருமா: சேரும், ஒரு கவனத்தோடு. அம்மாவுக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற தண்ணீர்க் குளிசை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதுவும் இந்த வகை மனச்சோர்வு மருந்தும் தனித்தனியாகவே முதியவர்களின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. சேர்ந்தால் இன்னும் இறங்கும். திடீரென்று தடுமாறிக் கதைத்தால், நடக்கத் தள்ளாடினால் வயது என்று விட்டுவிடாமல் சோடியம் பார்க்கக் கேளுங்கள். சில பழைய மனச்சோர்வு மருந்துகள், அமிற்றிப்டிலின் மாதிரி, எழும்பி நிற்கும்போது பிரஷரை விழுத்தும். வென்லாஃபக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து சிலருக்குப் பிரஷரை ஏற்றும். அதனால் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இரண்டு கொப்பியையும் கொண்டுபோங்கள். முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும் பிரஷரை ஏற்றும், அதையும் சொல்லுங்கள்.

வீட்டில் அளப்பது: ஐந்து நிமிடம் சாய்ந்து இருக்கவிட்டு, கை நெஞ்சு மட்டத்தில். தேத்தண்ணி குடித்த கையோடு அளக்க வேண்டாம். எழும்பி நின்றபிறகும் ஒருமுறை அளந்து எழுதுங்கள். நிற்கும்போது மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

31 மார்ச்

நேற்று எழுதத் தயங்கிய ஒன்று. மனம் விட்டுப்போனவர் இருக்கும் வீட்டில் மாதக்கணக்கான குளிசை குவிந்து கிடக்கக்கூடாது. மிச்சத்தைக் கிளினிக்கிலோ பார்மசியிலோ திருப்பிக் கொடுங்கள், ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வெளியில் வையுங்கள். "செத்துப்போனால் நல்லது என்று நினைக்கிறீங்களா அம்மா?" என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தனிய விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுத்துக் கதைக்கலாம்.

7 ஏப்ரல்

"எனக்கென்ன விசரா?" என்று மறுக்கும் தகப்பனை எப்படி உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவது என்று பாலையூற்றிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அப்பாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். நாங்கள் வற்புறுத்தவில்லை. பிரஷர் கிளினிக் டொக்டரே "நித்திரை எப்படி ஐயா?" என்று தொடங்கி, நித்திரையைப் பற்றியே கனநேரம் கதைத்தார். பிறகு "இதுக்கு எங்களிட்ட ஒரு டொக்டர் இருக்கிறார், பாத்திட்டுப் போங்கோ" என்றார். அப்பா போனார். வழக்கமாகப் பார்க்கிற டொக்டர் சொன்னால் அது வேறு.

மருந்து பாதி வேலை செய்தது. மற்றப் பாதியை அண்ணாவின் மகன் செய்தான். வாடைக் காலத்தில் தொழில் குறைவாக இருந்தபோது, கிழிந்த வலையை வீட்டுக்கே கொண்டுவந்து போட்டு "அப்பப்பா, இதை எனக்குப் பொத்தத் தெரியாது" என்றான். அவனுக்கு நன்றாகவே தெரியும். அப்பா திட்டித் திட்டிப் பொத்தினார். சோளகம் தொடங்கக் கடற்கரைக்கே போய் இருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் இடைக்கிடை 150 காட்டும், சில நாள் ஒன்றும் பேசமாட்டார். கருவாட்டையும் விடுகிறாரில்லை, உப்பைப் பற்றி அவரோடு வாதாட ஒருவராலும் ஏலாது. சேட் பொக்கற்றை நான் பார்ப்பதில்லை. கொடுத்துவிட்டு, "இண்டைக்கு எடுக்க மனமிருக்கா, இல்லையா?" என்று கேட்பேன். இல்லை என்றால் இல்லை என்று சொல்கிறார், ஏன் என்றும் சொல்கிறார்.

21 ஏப்ரல்

தங்கச்சியின் கடைசிக் கேள்வி: அம்மாவின் பிரஷர் 142க்கு வந்துவிட்டது, முகமும் தெளிவு, இனி அந்த மனக் குளிசையை நிறுத்தலாமா?

இப்போது வேண்டாம். மனம் தெளிந்தபிறகும் குறைந்தது ஆறு மாதம், வயது போனவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடமோ அதற்கு மேலோ தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் டொக்டர் சொல்கிறபடி அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அடுத்த கிளினிக்கிற்கு நீங்களும் கூடப் போங்கள், வீட்டில் அளந்து எழுதிய தாளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.